'முளைய மாதிரி' வேண்டாம், 'முளைய ஒப்புரு' எனலாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

விந்தும் முட்டையும் சேராமலே, பல்வகைக் கலங்களாக மாறவல்ல குருத்துக்கலங்களை (stem cells) ஆய்வுகூடத்தில் ஒன்றுசேர்த்து வளர்த்தால் அவை தாமே ஒழுங்கமைந்து, முலையூட்டியின் தொடக்கநிலை முளையத்தை (embryo) ஒத்த உருவைப் பெறுகின்றன. ஆங்கிலத்தில் embryo model எனப்படும் இவ்வுருவுக்குத் தமிழில் 'முளைய மாதிரி' என்ற பெயர் முன்மொழியப்பட்டது. அட்டனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை. இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் முன்வரிசை மாணவி ஒருத்தி, "சேர், இது எந்த முளையத்திலிருந்து வெட்டி எடுத்த மாதிரி?" என்று கேட்டாள். குருதி மாதிரி, மண் மாதிரி என்று பழகிய காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

'செயற்கை முளையம்' என்பதும் பொருந்தாது. கலங்கள் இயற்கையானவை, விளைவதோ முழுமையான முளையம் அன்று. 'கருவுரு' என்றால், நம் பாடநூல்களில் கரு என்பது கலத்தின் உட்கருவையும் குறிப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

தலவாக்கலைப் பக்கத்து நண்பர், பதியன் என்ற சொல்லைக் கொண்டு 'பதிமுளையம்' என்றது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதையே உறுதியாக மறுக்கிறேன். தவறணையில் (நாற்றுமேடையில்) ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தேயிலைத் துண்டை மண் நிரப்பிய பையில் ஊன்றினால், அது வேர்விட்டு, தாய்ச்செடியின் குணம் மாறாத முழுச் செடியாகிவிடும். இங்கு அவ்வாறு நிகழ்வதில்லை. 2018இல் ஆய்வாளர் நிக்கொலா ரிவ்ரொன் குழுவினர் ஆக்கிய, கருப்பையில் பதியுமுன் உள்ள முளையத்தை ஒத்த பிளாஸ்டொயிட்டுகளைச் சுண்டெலியின் கருப்பைக்குள் வைத்தபோது கருப்பைச் சுவர் அவற்றுக்கு இசைந்து மாறியது. எனினும் அவை முறையான முளையங்களாக வளரவில்லை. 2022இல் ஜேக்கப் ஹன்னா குழுவினர் சுழலும் கண்ணாடிப் போத்தல்களில் வளர்த்தவை, துடிக்கும் இதயமும் மூளையின் தொடக்கமும் பெற்று, இயற்கை முளையத்தின் எட்டரை நாள் நிலையை எட்டின. சுண்டெலியின் கர்ப்பகாலமோ ஏறத்தாழ இருபது நாள். அவ்வளவும்கூட, தொடங்கிய கலத்திரள்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே கைகூடியது. பதியன் என்ற சொல் தரும் உறுதி இதற்கு எப்படிப் பொருந்தும்?

ஆகவே 'முளைய ஒப்புரு' என்பதே என் முன்மொழிவு. ஒத்திருக்கிறது, ஆனால் அதுவே அன்று என்ற இரண்டையும் அது ஒருங்கே சொல்கிறது. 'போலி'யில் உள்ள ஏமாற்றுச் சாயலும் இல்லை. சூல்வித்தகத்துக்குரிய (placenta) கலங்கள் இல்லாத காஸ்ட்ரூலொயிட் போன்றவற்றைப் 'பகுதி ஒப்புரு' என்று பிரித்துக் காட்டவும் இடமுண்டு.

'தண்டுக்கலம்' என்னாமல் 'குருத்துக்கலம்' என்று நான் எழுதுவதற்கும் காரணம் உண்டு. 1868இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் கையாண்ட Stammzelle என்ற ஜெர்மன் சொல்லில் உள்ள 'ஷ்டாம்' வம்சத்தின் அடிமரத்தைச் சுட்டியது. செடியின் காம்பை அன்று. 'குருத்தணு' என்போரை ஒன்று கேட்கிறேன்: அணுவைப் பௌதிகத்துக்கு விட்டுவிடலாமா?

புணர்ச்சி விதிப்படி 'முளையவொப்புரு' என்றே எழுதவேண்டும் என்று இலக்கண அன்பர்கள் சொல்லக்கூடும். வகுப்பில் அவ்வாறு எழுதிப் பார்த்தேன். மாணவர் 'முளையவொப்பு உரு' என்று பிரித்துப் படித்தார்கள். இப்போதைக்கு இடைவெளி விட்டே எழுதுகிறேன்.