ஒற்றை அடுக்கு நயோபியம் டைசெலினைடு: போனான் கணக்கில் எதிர்க்குறி அதிர்வெண், லாம்டா 4-ஐத் தாண்டுகிறது. உதவி வேண்டும்

கெலுகோர்க்காரன் | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். பினாங்கில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒற்றை அடுக்கு நயோபியம் டைசெலினைடில் எலக்ட்ரான்களும் அணிக்கோவை அதிர்வுகளும் (போனான்கள்) எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்று (அந்த வலிமையைச் சொல்லும் எண்தான் லாம்டா) கணக்கிட்டு, அதிலிருந்து மீக்கடத்தும் வெப்பநிலையை மதிப்பிடுவதுதான் என் ஆய்வு. குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருளில் போனான் கணக்கு, அப்புறம் பிணைப்பைக் கணக்கிடும் ஈபிடபிள்யூ நிரல். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

முதலில் 8×8 கியூ கிரிட் (போனான் அலைகளுக்கான புள்ளிகள்), 16×16 கே கிரிட் (எலக்ட்ரான்களுக்கானவை), ஸ்மியரிங் (எலக்ட்ரான் நிலைகள் நிரம்பும் விளிம்பை மழுக்கும் அளவு) 0.02 ரிட்பர்க் என்று ஓட்டினேன். அலைவெளியின் மையமான காமாவுக்குப் பக்கத்தில் −6 செ.மீ.⁻¹ வந்தது (எதிர்க்குறி என்றால் அந்த அசைவுக்கு அமைப்பு நிலையாக இல்லை, அல்லது கணக்கில் பிழை). அது போக, காமாவிலிருந்து விளிம்பில் உள்ள எம் புள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கிளை (ஒரு வகை அதிர்வின் அதிர்வெண் வரைகோடு) பள்ளமாக இறங்கியது, ஆனால் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றது. லாம்டா 4.3. மேற்பார்வையாளர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

ஸ்மியரிங் அதிகமோ என்று 0.005-க்குக் குறைத்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று கியூ கிரிட்டை 6×6 ஆக்கினேன். இப்போது அந்தப் பள்ளம் −80 வரை போய்விட்டது.

கடைசியாக, தாழ்ந்த அதிர்வெண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வரம்பு ஈபிடபிள்யூவில் ஒன்று இருக்கிறதே, அதை 5-லிருந்து 40 ஆக உயர்த்தி 8×8 கணக்கையே மறுபடி ஓட்டினேன். லாம்டா 0.8 ஆனது. படம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் ஏன் 40 என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. புதன்கிழமை குழுக் கூட்டத்தில் காட்ட வேண்டும். எங்கே தவறு செய்கிறேன்?

பட்டர்வொர்த் பெர்ரி | திங்கள், காலை 7.15

தம்பி, ஒரே நேரத்தில் ஸ்மியரிங்கையும் கிரிட்டையும் மாற்றியிருக்கிறீர்கள். எதனால் என்ன ஆனது என்று இனி பிரிக்க முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

இன்னொன்று: 6×6 கியூவோடு 16×16 கே கிரிட்டை ஈபிடபிள்யூவுக்குக் கொடுத்தால் அது ஏற்றுக்கொள்ளாது. கே கிரிட் கியூ கிரிட்டின் மடங்காக இருக்க வேண்டும். 12 அல்லது 18 வையுங்கள், நான் 18 என்பேன். உள்ளீட்டுக் கோப்பையும், போனான் வெளியீட்டின் முதல் நூறு வரியையும் போட முடியுமா?

கெலுகோர்க்காரன் | திங்கள், காலை 9.02

நன்றி அண்ணா. கட் ஆஃப் 80 ரிட்பர்க். நயோபியத்துக்கு 4எஸ், 4பி எலக்ட்ரான்களும் சேர்ந்த போலி மின்னழுத்தம்தான் (உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக வைப்பது), அதைச் சரிபார்த்தேன். ஸ்மியரிங் மெத்ஃபெசல்-பாக்ஸ்டன் வகை. வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராம். போனான் கணக்கு நிற்கும் எல்லை 10-இன் −12 அடுக்கு. 6×6-க்கு ஏழு கியூ புள்ளிகள் வந்தன. அதில் மூன்றாவதுதான் −80. முதலாவது, இரண்டாவது, நான்காவது எல்லாம் நேர்க்குறி.

செந்தூல்வாசி | திங்கள், மதியம் 1.20

மூன்றாவது என்று நீங்கள் சொன்னதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பட்டியலில் அந்த வரியைப் பாருங்கள். 0.3849 என்று எழுதியிருக்கும், இரண்டு பை வகுத்தல் ஏ என்ற அலகில். எம் புள்ளி 0.5774. ஒன்றை ஒன்றால் வகுத்தால் மூன்றில் இரண்டு. காமாவிலிருந்து எம் போகும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் உங்கள் கிளை சரிகிறது. இந்தப் பொருளைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். திண்ம (பல அடுக்கு) 2எச் வகை நயோபியம் டைசெலினைடு ஏறத்தாழ 33 கெல்வினில் மின்னூட்ட அடர்த்தி அலை நிலைக்குப் போகிறது (எலக்ட்ரான் அடர்த்தியும் அணுக்களும் அலைபோல ஒழுங்காக இடம் மாறும் நிலை), 7.2 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்று அணிக்கோவை அலகு. 1975-லேயே நியூட்ரான் சிதறலில் அளந்திருக்கிறார்கள். ஒற்றை அடுக்கிலும் 3×3 அமைப்பு வருகிறது.

அதனால் உங்களிடம் இரண்டு எதிர்க்குறிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. −6 கணினியின் பிழை. −80 பொருள் சொல்லும் சேதி. இரண்டையும் ஒரே வரம்பால் வெட்டியதுதான் சிக்கல்.

8×8-இல் ஏன் அவ்வளவு தாழவில்லை? அந்தக் கிரிட்டில் எட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் புள்ளிகள் வரும். எம் புள்ளி பாதித் தூரத்தில் இருப்பதால், நம் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கணக்கில் மூன்றில் ஒன்று. அது அதில் கிடையவே கிடையாது. நிலைகுலையும் புள்ளியை நீங்கள் நேராகக் கணக்கிடவில்லை, இரு பக்கத்திலிருந்தும் இடைச்செருகல் செய்து (பக்கத்து மதிப்புகளிலிருந்து மதிப்பிட்டு) பார்த்தீர்கள். 3, 6, 9, 12 என்ற கிரிட்டுகளில்தான் அந்தப் புள்ளி நேரடியாக விழும். போதாததற்கு 0.02 ஸ்மியரிங். ஃபெர்மி-டிராக் வகையில் அது ஏறத்தாழ 3,150 கெல்வின் எலக்ட்ரான் வெப்பநிலை. உங்கள் வகையில் நேரடி வெப்பநிலை என்று சொல்ல முடியாது, ஆனால் ஃபெர்மி பரப்பின் (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லை) கூர்மையை மழுக்குவது ஒன்றுதான். மழுங்கிய பரப்பில் அதிர்வெண் இப்படித் தாழ்வது குறைந்துபோகும்.

லாம்டா 4.3 வந்ததற்கும் காரணம் இதுவே. ஒரு போனானின் பங்கு அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் வரும். அதிர்வெண் பாதியானால் பங்கு நான்கு மடங்கு. பூஜ்யத்தை ஒட்டித் தவழும் ஒரு கிளை மொத்த எண்ணையும் விழுங்கிவிடும். 40-க்குக் கீழே வெட்டியபோது விழுங்கிய கிளையை மட்டுமல்ல, இந்தப் பொருளில் எலக்ட்ரான்களோடு மிக வலுவாகப் பிணையும் கிளையையே எடுத்துவிட்டீர்கள். 0.8 என்ற எண்ணைத் தயவுசெய்து கூட்டத்தில் காட்டாதீர்கள். கெட்ட எண் என்பதால் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு உரிய இயற்பியல் அதில் இல்லை.

நிபோங் திபால் நிலா | திங்கள், மாலை 6.48

செந்தூல்வாசி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதை ஃபெர்மி பரப்பின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதால் வருவது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1959-இல் வால்டர் கோன் சொன்ன விளக்கம் அழகானது, நானும் என் ஆய்வேட்டில் அப்படித்தான் எழுதினேன், தேர்வாளர் கேட்டபோது நின்றுவிட்டேன். 2008-இல் ஜோஹன்ஸும் மஸினும் இதே வகைப் பொருட்களை எடுத்து, பரப்புப் பொருத்தம் மட்டும் போதாது என்று காட்டினார்கள். எலக்ட்ரான்-போனான் அணி உறுப்பு (பிணைப்பின் அளவு) கியூவைப் பொறுத்து மாறுவது பெரிய பங்கு வகிக்கிறது. உங்கள் ஈபிடபிள்யூ கணக்கு அதைத்தான் நேராகக் கொடுக்கும், அதனால் இது உங்களுக்கு நல்ல செய்தி.

−6-க்கு வருவோம். காமாவுக்கு மிக அருகில் ஒரு புள்ளியை, உதாரணத்துக்கு 0.05-ஐ, இடைச்செருகல் இல்லாமல் நேராகக் கணக்கிடுங்கள். நேர்க்குறி வந்தால் தவறு இடைச்செருகலில். எதிர்க்குறி நீடித்தால் தவறு உங்கள் அமைப்பில். தாளைப் போன்ற பொருளில் தளத்துக்குச் செங்குத்தாக அசையும் கிளை காமாவுக்கு அருகே கியூவின் வர்க்கமாகத்தான் ஏறும், அதனால் சின்னப் பிழையே அதைக் கீழே தள்ளிவிடும். 10-இன் −12 போதாது, −16 அடுக்கு வையுங்கள். இரு பரிமாண அமைப்புக்கான கூலம்ப் வெட்டைப் போடுங்கள் (கணக்கில் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளுக்கிடையே மின்விசையைத் துண்டிப்பது). ஒலிக்கிளைக் கூட்டல் விதியைப் போட மறக்காதீர்கள் (தாள் முழுதும் ஒன்றாக நகர்ந்தால் அதிர்வெண் பூஜ்யம் என்பதை உறுதிசெய்வது).

கெலுகோர்க்காரன் | புதன், காலை 6.30

தூங்காமல் எழுதுகிறேன். நேற்று மாலை இடி மின்னலில் மின்சாரம் போய் ஒரு வேலை பாதியில் நின்றது, நல்லவேளை மீட்டெடுக்கும் அமைப்பைப் போட்டிருந்தேன், விட்ட கியூவிலிருந்து தொடர்ந்தது.

முதலில் 0.05. நேராகக் கணக்கிட்டபோது நேர்க்குறி வந்தது, சின்னதுதான், ஆனால் நேர்க்குறி. எல்லையை இறுக்கி, கூலம்ப் வெட்டும் போட்ட பிறகு இடைச்செருகலிலும் −6 போய்விட்டது.

அடுத்து 6×6 கிரிட்டை வைத்துக்கொண்டு ஸ்மியரிங்கை மட்டும் மாற்றினேன். 0.005, 0.01, 0.02, 0.03. மூன்றாவது புள்ளியின் அதிர்வெண் படிப்படியாக மேலே ஏறி, 0.03-இல் நேர்க்குறிக்கு வந்துவிட்டது. மற்ற ஆறு புள்ளிகளும் கிட்டத்தட்ட அசையவில்லை. அந்த நான்கு எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோது மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்குப் பயம் போனது.

ஆனால் ஒன்று சரியாக வரவில்லை. 3×3 சூப்பர்செல் (ஒன்பது அடிப்படை அலகுகள் சேர்ந்த பெரிய செல்) போட்டு, 27 அணுக்களையும் தளர்த்தினேன், அதாவது ஆற்றல் குறையும் இடத்துக்கு நகர விட்டேன். ஒன்றும் நகரவில்லை. ஆற்றலும் மாறவில்லை. அப்படியானால் −80 பொய்யா?

செந்தூல்வாசி | புதன், காலை 8.10

பொய் இல்லை. அணுக்களை எங்கிருந்து தொடங்கினீர்கள்? சமச்சீர் இடங்களிலேயே வைத்திருந்தால் ஒவ்வோர் அணுவின் மீதும் விசை சரியாகப் பூஜ்யம். குன்றின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு மாதிரி, யாராவது தொட்டால்தான் உருளும். போனான் வெளியீட்டில் மூன்றாவது கியூவின் அசைவுத் திசை இருக்கும், அதைப் பார்த்து நயோபிய அணுக்களை 0.05 ஆங்ஸ்ட்ராம் அளவு தள்ளிவையுங்கள். மூன்று சமமான திசைகள் உண்டு, மூன்றையும் சேர்த்துத் தள்ளுவது நல்லது. சமச்சீரைத் தேடாதே என்று அமைப்பில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுவே பழைய இடத்தில் பிடித்து வைத்திருக்கும்.

கிடைக்கும் ஆற்றல் வேறுபாடு ஒரு வாய்பாட்டு அலகுக்குச் சில மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். விசை எல்லையை இறுக்குங்கள். சூப்பர்செல்லின் கே கிரிட்டைப் பழைய 18-ஐ மூன்றால் வகுத்து 6×6 என்று வையுங்கள், அப்போதுதான் இரண்டு ஆற்றலையும் ஒப்பிட முடியும்.

குழுக் கூட்டத்துக்கு அந்த நான்கு எண்களின் படம் ஒன்றே போதும். லாம்டா இல்லாமல் போங்கள்.

கெலுகோர்க்காரன் | வெள்ளி, இரவு 9.55

அக்கா, அண்ணா, நிலா, மூவருக்கும் நன்றி. படத்தைக் காட்டினேன். மேற்பார்வையாளர் முதலில் ஸ்மியரிங் வரிசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், இதையே ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக எழுதச் சொன்னார்.

இன்று மதியம் சூப்பர்செல் முடிந்தது. தள்ளிவைத்த அணுக்கள் திரும்பி வரவில்லை. நயோபிய அணுக்கள் சில நெருங்கி, சில விலகி, அமைப்பு சமச்சீர் நிலையைவிடக் கீழே போய் நின்றது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நெருங்கிய அணுக்கள் முக்கோணமாகத் தெரிகின்றன. சுங்கை துவா கடையில் ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரை கைப்பேசியில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது 27 அணுக்களில் லாம்டா எடுக்க வேண்டும் என்றால் 81 கிளைகள். எங்கள் சர்வரில் ஒரு வேலைக்கு 48 மணி நேரம்தான். எப்படிப் பிரிப்பது?

பட்டர்வொர்த் பெர்ரி | வெள்ளி, இரவு 10.30

முழுக் கிரிட்டுக்கு உடனே போகாதீர்கள். முதலில் சூப்பர்செல்லின் காமாவில் மட்டும் ஓட்டுங்கள். பழைய செல்லின் 3×3 புள்ளிகள் எல்லாம் அங்கே மடிந்து வந்துவிடும், அந்த மூன்றாவது புள்ளியும் சேர்த்து. 81-இல் ஒன்றும் எதிர்க்குறி இல்லாவிட்டால் உங்கள் புதிய அமைப்பு அங்கே நிலையாக இருக்கிறது என்று அர்த்தம், மேலே போகலாம். ஒன்றிரண்டு இருந்தால் தளர்த்தல் இன்னும் முடியவில்லை.

48 மணி நேரத்துக்கு, அசைவு வகைகளைத் தொகுதி தொகுதியாகத் தனி வேலைகளாக அனுப்பலாம், தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு வையுங்கள், ஒன்றின் கோப்பை மற்றொன்று அழித்துவிடாமல். கடைசியில் ஒரே இடத்தில் சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் முழு அணி கிடைக்கும். மீட்டெடுக்கும்போது முதலில் கொடுத்த அதே எண்ணிக்கை கோர்களைக் கொடுங்கள்.

கெலுகோர்க்காரன் | வெள்ளி, இரவு 11.05

சரி அண்ணா. காமாவை ஒன்பது தொகுதியாகப் பிரித்து இப்போதுதான் வரிசையில் போட்டேன். முதல் இரண்டு ஓடத் தொடங்கிவிட்டன. முடிந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.