சைடு ஸ்க்ரோலிங்: நகர்களமா, நகர்த்துகளமா?

குழுவினருக்கு வணக்கம்.

நேற்றைய மடல்களை இப்போதுதான் படித்து முடித்தேன். வீடியோ கேம்களில் களம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போவதைக் குறிக்கும் ‘சைடு ஸ்க்ரோலிங்’குக்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை வந்தவை பக்கவாட்டு உருளல், கிடையுருட்டு, பக்கச்சுருள். மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். ஸ்க்ரோல் என்ற சொல்லைப் பெயர்த்திருக்கிறோம், திரையில் நடப்பதைப் பார்க்கவில்லை. கணினித் திரை ஓரத்து உருள்பட்டை (ஸ்க்ரோல் பார்) சரி, அதைக் கையால் உருட்டுகிறோம். ஆட்டத்தில் தரை பின்னால் போகிறது, அவ்வளவுதான். ரயில் ஜன்னலில் பனைமரம் பின்னால் போனால் மரம் உருள்கிறது என்றா சொல்கிறோம்?

> ஏதாவது ஓர் ஆட்டத்தை வைத்துப் பேசினால் நல்லது.

சரி, ‘ஆஸ்ட்ரோ பாய்: ஒமேகா ஃபேக்டர்’ஐ எடுத்துக்கொள்வோம். ட்ரெஷர், ஹிட்மேக்கர் என்ற நிறுவனங்கள் உருவாக்கி, சேகா நிறுவனம் வெளியிட்ட ஆட்டம், கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கானது. ஜப்பானில் 2003 டிசம்பரில் வந்தது. ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா 1952இல் வரையத் தொடங்கிய அந்த ரோபோ சிறுவன்தான் நாயகன். (ஜப்பானியர்கள் அவனை ‘அட்டோமு’ என்பார்கள். நம் எழுத்தில் ‘ஆட்டம்’ என்று எழுதிவிட்டால் இந்த இழையே குழம்பிவிடும்!) 240க்கு 160 பிக்சல் திரை. அதற்குள் சில கட்டங்களில் அவன் தரையில் நின்று குத்துகிறான், உதைக்கிறான், விரலிலிருந்து லேசர் விடுகிறான். வேறு சில கட்டங்களில் வானில் பறந்துகொண்டே சுடுகிறான்.

இரண்டையும் ஆங்கிலத்தில் சைடு ஸ்க்ரோலிங் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆடுகிற கைக்கு இரண்டும் வேறு வேறு. அடிதடிக் கட்டத்தில் நாம் நடந்தால்தான் தரை நகரும், நின்றால் நிற்கும். எதிரிகள் கூட்டமாக வந்துவிட்டால் அவர்களைச் சாய்க்கும்வரை திரை அசையாது. பறக்கும் கட்டத்தில் நாம் சும்மா இருந்தாலும் களம் தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதற்குத் தமிழில் தனியாக எதையும் தேடவே வேண்டாம். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். நகர், நகர்த்து. தானே நகர்ந்தால் நகர்களம். ஆடுபவர் நகர்த்தினால் நகர்த்துகளம். ஒரே வேர், ஒரு ‘த்து’தான் வேறுபாடு.

> சுடும் ஆட்டம் என்றாலே நகர்களம்தானே? பிறகு எதற்கு இரண்டு சொல்?

இல்லை. 1981இல் வந்த ‘டிஃபெண்டர்’ முழுக்க முழுக்கச் சுடும் ஆட்டம். ஆனால் விமானத்தை இடமாகவும் வலமாகவும் திருப்புவது நாம்தான், களமும் அதற்கேற்ப நகரும். அது நகர்த்துகளம். 1985இன் ‘கிரேடியஸ்’ நகர்களம். ‘சூப்பர் மரியோ ப்ரோஸ் 3’இல் பெரும்பாலான கட்டங்கள் நகர்த்துகளம், பறக்கும் கப்பல்கள் போன்ற சில கட்டங்களில் நகர்களமாகிவிடும். அந்தக் கப்பலில் சுவரோடு நசுங்கிச் செத்தவர்களுக்கு வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, அடிப்பதா சுடுவதா என்பது ஒரு கேள்வி, களத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி.

> நகர்களம் என்றால் டவுன் மைதானம் போல இருக்கிறது.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பொருளில் ‘நகர்ப்புறம்’ போல வல்லினம் மிகுந்து ‘நகர்க்களம்’ என்று வரும். நம்முடையது வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு மாதிரி இடையில் எதுவும் மிகாது. பிழைதிருத்தி மென்பொருள் ‘க்’ போட்டுத் தொலைக்கும் என்ற பயம் எனக்கும் உண்டு.

அடுத்தது, அடிப்பதும் சுடுவதும் கலந்த வகைக்கு ‘அடிசுடு’ என்று அக்கா ஒருவர் முன்மொழிந்திருந்தார். துள்ளலான சொல்தான். ஆனால் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நடந்தவருக்கு அடி சுடுவது வேறு பொருளில்தான் நினைவுக்கு வரும். எதிரிகளை அடித்து வீழ்த்தும் ‘பீட் எம் அப்’ வகைக்கு ‘அடிதடி’ இருக்கும்போது புதிதாக எதற்கு? சுட்டு வீழ்த்தும் ‘ஷூட் எம் அப்’ வகையை ‘சுட்டுத்தள்ளு’ என்று விட்டுவிடலாம். சுடுகளம் வேண்டாம், காட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘டபுள் டிராகன்’, ‘ஃபைனல் ஃபைட்’ வகை அடிதடிகளை ஜப்பானியர்கள் ‘பெல்ட் ஸ்க்ரோல்’ என்கிறார்கள். தரை, பெல்ட் ஓடுவது போல ஓடுகிறதாம். பீட் எம் அப் என்ற பெயரை அவர்கள் பெயர்த்துக்கொண்டிருக்கவில்லை, கண்ணால் பார்த்ததற்குப் பெயர் வைத்தார்கள்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “ஒமேகா ஃபேக்டர் கையடக்கக் கருவிக்கான அடிதடி ஆட்டம். தரைக் கட்டங்கள் நகர்த்துகளம். பறக்கும் கட்டங்கள் நகர்களத்தில் நடக்கும் சுட்டுத்தள்ளு.” என் காதுக்கு ஒட்டுகிறது. நகர்த்துகளம் மட்டும் கொஞ்சம் நீளம். ‘தள்ளுகளம்’ என்று சுருக்கிப் பார்த்தேன், தள்ளுமுள்ளு நினைவுக்கு வந்துவிட்டது. அடிதடி ஆட்டத்துக்கு அதுவும் பொருத்தம்தானோ என்று இப்போது தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?