பழைய சுங்குடிச் சேலையில் விரிப்பு தைக்கிறேன், மேல் துணி நகர்ந்துவிடுகிறது

வணக்கம். அம்மா உடுத்திப் பழசான ஆறு சுங்குடிச் சேலைகள் இருக்கின்றன, எல்லாம் பருத்தி, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி மென்மையாகிவிட்டன, தரை துடைக்கப் போட எனக்கு மனசே வரவில்லை. தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம், அதனால் அந்தக் குழந்தைக்கு விரிப்பாகத் தைத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

கிழியாத பகுதியை மட்டும் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெட்டி, நான்கு அடுக்காக வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு நேர்தையல் போடுகிறேன். மெஷின் சாதாரண கால் மிதி மெஷின், ஊர் மதுரை. மூன்றாவது வரிசை வரும்போதே மேல் துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் ஒன்றரை அங்குலம் மிஞ்சுகிறது. நடுவில் சுருக்கமும் விழுகிறது. பிரித்துத் தைத்து இரண்டு வாரம் போய்விட்டது.

முதலில் குண்டூசி குத்திப் பார்த்தேன். அப்புறம் கையால் நூலோட்டம் போட்டேன், கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சுருக்கம் நிற்கவில்லை. 14ஆம் நம்பர் ஊசியை 16க்கு மாற்றி, தையலையும் நீளமாக்கினேன். கஞ்சி போட்டுத் தேய்த்தும் பார்த்தேன், ஓரம் மட்டும் ஒழுங்காக வந்தது. மூன்று அடுக்காகக் குறைத்தாலும் இதே கதைதான். முழுவதும் கையால் தைக்க நேரமில்லை.

பழைய சேலையில் இப்படி அடுக்கு விரிப்பு தைத்தவர்கள் சொல்லுங்கள்: கால் மிதி மெஷினிலேயே மேல் துணி நகராமல் தைக்க என்ன செய்ய வேண்டும்?