களர் மண்ணில் தைப்பட்டம்: ஜிப்சம் அளவு சொல்லுங்களேன்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீட்டுக் கொல்லை, 2 சென்ட், களிமண். பி.எச். (கார அமில நிலை) 8.7, இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 1-க்கும் கீழே. அதாவது இது உப்பு மிகுந்த உவர் அல்ல, சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட களர். உவராக இருந்தால் நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே போதும். களருக்கு ஜிப்சம் இல்லாமல் முடியாது.

காய்ந்ததும் மேல்மண் ஓடாக இறுகி, வெண்டை முளை வெளியே வராமல் மடிந்துவிடுகிறது. கத்தரி, கொத்தவரையும் போட வேண்டும்.

பாத்தி 4 அடி அகலம், 10 அடி நீளம், அரையடி மேடு. ஒரு பாத்திக்கு நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ. ஈரத்தோடு கொத்தினால் கட்டி செங்கல்லாகிவிடும் என்பதால், பிடித்த மண் கையில் உதிரும் பதத்துக்குக் காத்திருக்கிறோம். இதில் குழப்பமில்லை.

குழப்பம் ஜிப்சத்தில்தான். அது சோடியத்தைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது, தண்ணீரோடு வெளியே வடிய வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். அப்புறம் போர் தண்ணீர்தான், அதுவும் உப்பு. ஆகவே ஆற்றுநீர் இருக்கும்போதே முடித்தாக வேண்டும்.

சென்ட்டுக்கு எத்தனை கிலோ போட்டீர்கள்? எத்தனை நாள் தண்ணீர் கட்டி, எத்தனை முறை வடித்தீர்கள்? அல்லது தைப்பட்டத்தை விட்டு, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மண்ணோடு மடக்கிவிட்டு, சித்திரையில் தொடங்குவதா? தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் செய்து பார்த்தவர்கள் உங்கள் மண்ணின் பி.எச். அளவோடு சொன்னால் பெரிய உதவி.