அம்மாவின் ரி.எஸ்.எச். 0.28: மருந்து வேண்டுமா?

கேள்வி (கொடிகாமம்):
என் தாயாருக்கு 68 வயது. இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். (தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோன்) 0.28 என்றும், எவ்.ரி.4 (தைரொயிட் சுரக்கும் ஓமோன்) இயல்பளவில் உள்ளதென்றும் வந்துள்ளது. அறிக்கையில் அந்த எண்ணின் கீழ்ச் சிவப்புக் கோட்டைக் கண்டதிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. உடனே மருந்து தொடங்க வேண்டுமா?

பதில்:
அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. ரி.எஸ்.எச். குறைவது தைரொயிட் மிகையாக வேலை செய்வதைக் காட்டலாம்; ஆனால் 0.1க்கும் 0.4க்கும் இடைப்பட்ட அளவு பலருக்குத் தானாகவே இயல்புக்குத் திரும்புவதால், இரண்டு மூன்று மாதங்களில் ரி.3 (மற்றொரு தைரொயிட் ஓமோன்) உட்பட அனைத்தையும் மீண்டும் பார்ப்பதே முறை. அண்மையில் கடும் காய்ச்சல் வந்ததா? வேறு குளிசைகள் எடுக்கிறாரா?

கேட்டவர்:
காய்ச்சல் இல்லை, அண்ணா. முடி உதிர்வுக்காகத் தினமும் பயோற்றின் (ஒரு பி வகை விற்றமின்) எடுக்கிறார்.

மற்றொரு பதில்:
பயோற்றின் சில பரிசோதனை முறைகளில் ரி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். குறைந்தது இரண்டு நாட்கள் நிறுத்திய பின்பே இரத்தம் கொடுக்கட்டும். ஆயினும் தைரொயிட் மிகையானால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம் என்பதால், நாடி ஒழுங்காகத் துடிக்கிறதா என்பதை வைத்தியரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.