‘ஒன்லி தி பிரேவ்’ கடைசிக் காட்சி: தீக்கூடாரம் இருந்தும் ஏன் பிழைக்கவில்லை?

தேவிபட்டினம்வாசி:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். 2017-ல் வந்த ‘ஒன்லி தி பிரேவ்’ படம் பார்த்தேன். அரிசோனாவில் 2013 ஜூன் 30 அன்று யார்னெல் மலைத் தீயில் 19 தீயணைப்பு வீரர்கள் மாட்டி இறந்த உண்மைச் சம்பவம். ஆளுக்கொரு வெள்ளித்தாள் கூடாரம் வைத்திருந்தார்களே, அது ஏன் காப்பாற்றவில்லை? எரிந்து முடிந்த தரையில் பத்திரமாக நின்றவர்கள் ஏன் கீழே இறங்கினார்கள்? நம்ம பக்கம் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் பற்றினால் இளவட்டங்கள்தான் முதலில் ஓடுகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லலாம்?

சேதுக்கரையான்:
அந்தக் கூடாரம் தீக்குள் படுத்திருக்கச் செய்ததில்லை, தம்பி. வெளியே சிலிக்கா துணி, உள்ளே கண்ணாடியிழைத் துணி, இரண்டிலும் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும். எடை சுமார் 2 கிலோ. தள்ளி எரியும் தீயின் அனலில் 95 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். சுவாலை நேராகத் தொட்டால் தாங்காது. 260 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் தகட்டின் பசை விட ஆரம்பிக்கும், காற்று அதைக் கிழிக்கும். 660 டிகிரியில் அலுமினியமே உருகிவிடும். அவர்கள் படுத்த இடத்தில் வெப்பம் 1,090 டிகிரியைத் தாண்டியது என்கிறது விசாரணை அறிக்கை.

சுற்றியுள்ள புதரை வெட்டி, சருகை மண் தெரிய வழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது 2 நிமிடத்துக்கும் குறைவு. கால் தீ வரும் பக்கம், முகம் மண்ணோடு, முழங்கையாலும் பாதத்தாலும் ஓரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். சூட்டுக்காற்று நுரையீரலுக்குள் போனால் ஆள் முடிந்தது. மூச்சு விடத் தகுந்த காற்று மண்ணை ஒட்டித்தான் இருக்கும்.

கச்சான்காற்று:
ஏன் இறங்கினார்கள் என்று சொல்ல, முடிவெடுத்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் வயர்லெஸ்ஸிலும் தகவல் இல்லை. பாதுகாப்பானது என்று குறித்திருந்த ஒரு பண்ணையை நோக்கிப் போனார்கள். 550 மீட்டர் பாக்கி. மூன்று பக்கமும் மேடான பள்ளத்துக்குள் இறங்கியதும் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. தீயைக் கவனிக்கத் தனியே நிறுத்தியிருந்தவர் ஏற்கெனவே இடம் மாற வேண்டியதாயிற்று. 20 பேரில் பிழைத்தது அவர் மட்டும்.

காலையில் வடகிழக்கே நகர்ந்த தீயை, இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்று தெற்கே திருப்பியது. அதுவரை விலாவாக, அதாவது தீயின் பக்கவாட்டு ஓரமாக, இருந்த பக்கம் முழுக்கத் தலையாகிவிட்டது, அதாவது தீ முன்னேறி ஓடும் முனையாகிவிட்டது. 45 வருஷத்துக்கு மேல் எரியாத புதர் வேறு.

நமக்கு இதுதான் கவனிக்க வேண்டியது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும்போது தீ கிழக்கே ஓடும், பையன்கள் மேற்கே, தீயின் பின்முனையான வால் பக்கம் நிற்பார்கள். கச்சான் தளர்ந்த நாளில், மதியத்துக்கு மேல் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறினால் தீ அவர்கள் மேலேயே திரும்பும். ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தெற்கிலிருந்து ஏறும். அங்கே வடக்கு விலாவில் நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து.

சாயல்குடிபனை:
முதலில் 101. பிறகு ஒரு ஆளைக் கையில் போனோடு கண்மாய்க் கரைமேல் நிறுத்துங்கள். அவருக்குக் காற்றையும் புகையையும் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது.

கருவேலத்துக்குள் நுழையவே வேண்டாம். முழங்கால் உயரத்திலேயே முள்கிளை பின்னிக் கிடக்கும், திரும்பி ஓட முடியாது. எரிந்து ஆறிய தரையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாலில் தொடங்கி விலா வழியாகப் பச்சை வேப்பங்கொப்பால் அடித்துப் போக வேண்டும். தலைக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஒதுங்கும் இடம், சுவாலை உயரத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு தள்ளி இருக்க வேண்டும்: 5 மீட்டர் சுவாலை என்றால் 20 மீட்டர். காற்று பலமாக இருந்தால் இன்னும் தள்ளி. வெறும் களர்த்தரையும் உப்பளப் பாத்தியும் இதற்கு மிக நல்ல இடம். பனங்கூட்டத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். காவோலை பற்றினால் பொறி பறக்கும்.

படத்தில் காட்டும் எதிர்த்தீ வைக்கிற (வரும் தீக்கு எரிய எதுவும் இல்லாதபடி முன்கூட்டியே எரித்துவிடுகிற) வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது பயிற்சி உள்ளவர்கள் வேலை.

தேவிபட்டினம்வாசி:
நன்றி அண்ணே. முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்ளலாமா?

சேதுக்கரையான்:
வேண்டாம். அனலில் ஈரம் ஆவியாகி மூச்சுக்குழலைச் சுடும். காய்ந்த பருத்தித் துண்டு போதும். பாலியஸ்டர் சட்டை, நைலான் டிராக் பேன்ட் போட்டவனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். உருகித் தோலோடு ஒட்டும்.

சாயல்குடிபனை:
அணைந்த பிறகு கருவேலத் தூரை மறக்காதீர்கள். மேலே சாம்பல் பூத்திருக்கும், வேருக்குள் கங்கு கிடக்கும். மண்வெட்டியால் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, புறங்கையைக் கிட்டே வைத்துச் சூடு பாருங்கள். மறுநாள் மதியம் காற்று எழும்பும் முன் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.