லூகா ஆற்றில் ஆகஸ்டும் ஜனவரியும்

சுரங்கப் பகுதி ஆறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். மேகாலயாவின் ஜைந்தியா மலைக்கு முதல் தடவை போனது ஒரு ஆகஸ்ட் மாதம். லூகா ஆறு கரைபுரண்டு ஓடியது. தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் மீட்டர் (7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6-க்கு மேலே காட்ட, "பாதிப்பு குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த ஜனவரியில் சோனாப்பூர் பக்கம் இறங்கினால், ஆறு முழுக்க நீலம். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கரையில் இருந்த பெரியவர், "ஆத்துல மீனே இல்லை தம்பி, வலையை எப்பவோ சுருட்டி வச்சாச்சு" என்று சொன்னதை ஓட்டுநர் எனக்குத் தமிழாக்க முடியாமல் இந்தியில் சொன்னார்.

சுரங்கக் குழிகளை ஒட்டி வரும் ஓடை ஒன்றில் ஏறினோம். ஒரு கல்லைப் புரட்டினேன். காவி நிறத்தில் வழவழவென்று விரலில் ஒட்டியது. நல்ல ஓடையென்றால் கல்லடியில் பூச்சிப் புழுக்கள் ஓடி ஒளியும். அங்கே ஒன்றுகூட இல்லை. மீட்டர் 4-க்குக் கீழே போனது.

அந்த ஊர் நிலக்கரியில் கந்தகம் அதிகம். எலிவளை மாதிரி குடைந்த குழிகளில் காற்றும் நீரும் படும்போது, கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்திலிருந்து கந்தக அமிலமும் இரும்பும் பிறக்கின்றன. 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. ஆனால் தோண்டுவது நின்றாலும், திறந்து கிடக்கும் குழியிலிருந்து அமிலம் வடிவது நிற்காது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் ஒரே தடவை எடுத்த மாதிரியை நம்பாதீர்கள். பெருமழையில் எல்லாம் நீர்த்துப்போகும். வறண்ட மாதத்தில் எடுங்கள். முதல் மழையன்றும் எடுங்கள், கரிக்குவியலில் காய்ந்து கிடந்த உப்பெல்லாம் அன்றைக்குத்தான் கரைந்து இறங்கும். தெளிந்த தண்ணீரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அமிலம் கடுமையாக இருக்கும்போது இரும்பு கரைந்தே இருக்கும், கீழே நல்ல நீரோடு கலந்த பிறகே காவியாகப் படியும். பிஹெச் மட்டும் போதாது, கந்தக அமிலம் தண்ணீரில் விட்டுச்செல்லும் சல்பேட்டையும் பாருங்கள். வழியில் சுண்ணாம்புப் பாறை அமிலத்தை அடக்கிவிட்டாலும் சல்பேட் பெரும்பாலும் தண்ணீரிலேயே இருக்கும்.

இரண்டாவது அறிக்கையில் ஆகஸ்ட் கணக்கை நாங்கள் நீக்கவில்லை. ஜனவரிக் கணக்குக்குப் பக்கத்திலேயே வைத்தோம், தேதியோடு.